சீனாவின் குவாங்சோ நகரத்தின் பையுன் விமான நிலையம் ஏன் இடம் மாறியது?

இடநெருக்கடிதான் காரணம். பழைய பையுன் நிலையம் 1930களில் ராணுவத்துக்காகத் தொடங்கியது, அப்போது அது ஊருக்கு வெளியே. 1978க்குப் பிறகு சீனப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் குவாங்சோ வீங்கிய வேகத்தில் ஓடுபாதையைச் சுற்றிலும் கட்டடங்கள் வந்துவிட்டன, இன்னொரு ஓடுபாதை போட நினைத்தாலும் நிலம் கிடையாது.

சரி என்று நகரத்துக்கு வடக்கே சுமார் 28 கிலோமீட்டர் தள்ளி, அதே பெயரில் புதிதாகக் கட்டினார்கள். 2004 ஆகஸ்ட் 5 அன்று புதியது திறந்தது, பழையதை அன்றோடு மூடிவிட்டார்கள். சில காலம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் என்றெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அப்புறம் 2015இல் மூன்றாவது ஓடுபாதை, 2018இல் இரண்டாவது முனையம்.

2020இல் சுமார் 4.38 கோடிப் பயணிகளோடு உலகிலேயே முதலிடம் பிடித்து, 1998 முதல் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்த அமெரிக்காவின் அட்லாண்டாவைத் தாண்டியது. ஆனால் அது கொரோனா ஆண்டு. சீனாவில் உள்நாட்டு விமானங்கள் சீக்கிரமே மீண்டன, அமெரிக்காவில் மீளவில்லை. அடுத்த ஆண்டே அட்லாண்டா திரும்ப மேலே போய்விட்டது.