"நான் பார்த்துக்கறேன்"

ஐயா,
2009-இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அங்கேயே செய்து, 'மேட் இன் மான்டானா' என்று முத்திரை குத்தி, மாநில எல்லை தாண்டாத துப்பாக்கிக்கு மத்திய அரசின் கட்டுப்பாடு பொருந்தாது என்றது. மாநில சுயாட்சி பற்றி இவ்வளவு எழுதும் நீங்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? துப்பாக்கி என்பதாலா?
— ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

துப்பாக்கி என்பதால் இல்லை. சுயாட்சி என்ற சொல் காதில் விழுந்ததும் கைதட்டக் கிளம்பிவிடுகிறீர்களே, அந்த அவசரம்தான் எனக்கு ஆகாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் தட்டியவன்தான்.

மான்டானா கதை சப்பென்று முடிந்தது. 'மான்டானா பக்கரூ' என்று ஒரு சின்ன ரைஃபிள் செய்ய நினைத்த கேரி மார்பட், செய்வதற்கு முன்பே மத்திய அரசு மேல் வழக்குப் போட்டார். கெட்டிக்காரர். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. சொந்தக் கோழிக்குப் போட விளைத்த கோதுமையும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வரும் என்று 1942-லேயே தீர்ப்பு எழுதிய நாடு. துப்பாக்கியையா விடும்?

என்னை உறுத்துவது கான்சாஸ் மாநிலம். 2013-இல் அங்கேயும் அதே மாதிரி சட்டம். உள்ளூர்த் துப்பாக்கி மேல் கை வைக்கும் மத்திய அதிகாரி மீதே குற்ற வழக்கு என்று வீறாப்பு வேறு. சனூட் என்ற ஊரில் ராணுவ உபரிச் சாமான் கடைக்காரர் ஒருவர் அதை நம்பி, துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சர் செய்து விற்றார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் அதே நம்பிக்கையில் வாங்கினார். 1934-ஆம் வருட மத்தியச் சட்டப்படி அதற்குப் பதிவு உண்டு; 2025 வரை 200 டாலர் வரியும் இருந்தது. இரண்டு பேரும் குற்றவாளிகள் ஆனார்கள். சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு. மாநிலச் சட்டத்தை நம்பித்தானே செய்தோம் என்ற வாதம் 2018-இல் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை. சட்டசபையில் கை தூக்கியவர் ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. இதற்கா கைதட்டச் சொல்கிறீர்கள்?

எங்கள் டீக்கடை ரோட்டை ஒட்டி இருந்தது. முன்னால் நாலடி சாய்ப்பு இறக்க அப்பா தயங்கினார். "இறக்குங்க மாமா, நான் பார்த்துக்கறேன்" என்று அப்போதைய ஊராட்சித் தலைவர் ஒரு தாளில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அப்பா அதைக் கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார்.

எட்டு மாதம் கழித்து ரோட்டுக்காரர்கள் ஜேசிபியோடு வந்தார்கள். அப்பா தாளை உரித்தார். ஒரு மூலை சுவரிலேயே நின்றுவிட்டது. "இது ஊராட்சித் தாள் பெரியவரே, ரோடு எங்களுது" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான். சாய்ப்பு சரிந்தபோது தலைவரும் வந்தார். கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டார்.

அப்பா அவருக்கும் ஒரு டீ போட்டார். காசு வாங்கவில்லை.