காய்ச்சலும் பாய்ச்சலும்: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

பள்ளியும் ஆராய்ச்சி நிலையமும் உழவர் சங்கமும் கைகோத்தால் காவிரிப் படுகையில் என்ன நடக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி (கல்லூரி மாணவி, கும்பகோணம்): நீடித்த வளர்ச்சி என்று பாடத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. எங்கள் ஊருக்கு அதில் என்ன இருக்கிறது?

1987-இல் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் சொன்னதன் சாரம் இதுதான்: இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்ளும்போது நாளை வருகிறவர்களின் தேவைக்குக் குந்தகம் வரக் கூடாது. 2015-இல் அதையே 17 இலக்குகளாகப் பிரித்து, 2030 என்று கெடுவும் வைத்தார்கள். டெல்டாவில் இதைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். தலைமடையில் பாய்ந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா? இன்று ஓடும் ஆழ்குழாயில் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் உப்பில்லாத தண்ணீர் வருமா? இரண்டுமே அளந்து பார்க்கக்கூடியவை. அளக்காமல் பேசினால் அது மேடைப் பேச்சு.

கேள்வி (விவசாயி, பாபநாசம் வட்டம்): நெல் வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சி, நீர் விடச் சொன்னார்கள். செய்தேன். களை மண்டியது, நிலம் வெடித்தது, பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்தார். ஆராய்ச்சியில் கிடைத்த நீர் மிச்சம் என் வயலில் ஏன் கிடைக்கவில்லை?

மூன்று தொல்லைக்கும் காரணம் வேறுவேறு. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் குழாய். 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, பாதி மண்ணுக்குள்ளும் பாதி மேலேயும் இருக்கும்படி இறக்க வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை அள்ளிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். உள்ளே சேறு நின்றால் துளை அடைத்துக்கொள்ளும், குழாய் காட்டும் மட்டம் பொய்யாகிவிடும். ஊன்றிய மறுநாள் வயலில் நீர் நிற்கும்போது பாருங்கள்: உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருந்தால் குழாய் சரி. வரப்போரத்தில் ஊன்றாதீர்கள், அங்கே கசிவு இருக்கும். வயலின் நடுத்தரமான மேட்டில், நடந்து போய்ப் பார்க்க வசதியான இடத்தில் வையுங்கள்.

மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்ச வேண்டும் என்பது பொது விதி. உங்கள் பக்கத்துக் கனத்த களிமண்ணில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மயிரிழை வெடிப்பு நல்லது. விரல் நுழையும் வெடிப்பு விழுந்தால் அடுத்து விடும் நீர் அதன் வழியே அடியில் இறங்கிவிடும். மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று. முதல் பருவத்தில் 8 முதல் 10 செ.மீ.யில் நிறுத்தி, உங்கள் மண் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

களை மண்டியது அவசரத்தால். நட்ட முதல் இரண்டு வாரம் மெல்லிய நீர் நின்றே ஆக வேண்டும். களை அதிகமுள்ள வயலில் மூன்று வாரம். வரிசை நடவாக இருந்தால் 10–15 நாளில் கோனோவீடர் என்ற களைக்கருவியை ஓட்டிவிட்டு அதன் பிறகு காயவிடலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காய்ச்சல் என்ற பேச்சே கூடாது. அப்போது காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். யூரியாவை நீர் வடிந்த ஈர மண்ணில் தூவி உடனே பாய்ச்சுங்கள். தேங்கிய நீரில் தூவிவிட்டுக் காயவிட்டால் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, மறுபாய்ச்சலில் காற்றோடு போய்விடும். அப்போது, காயவிட்டுப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைத்த கையாலேயே அதே வேலையைச் செய்யும் நைட்ரஸ் ஆக்சைடைக் கூட்டியதாகவும் ஆகும்.

இனி அந்தச் சண்டை. அதுதான் அசல் விஷயம். ஆராய்ச்சிப் பண்ணையில் ஒவ்வொரு பாத்திக்கும் தனி வாய்மடை உண்டு. உங்களுக்கு மேல் வயலில் நிரம்பி வழிந்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். நீங்கள் காயவிட்டால் கீழே இருப்பவரும் கட்டாயமாகக் காய்கிறார், அவர் பயிர் பூக்கும் கட்டத்தில் இருந்தாலும்கூட. ஆகவே இதைத் தனி ஆளாகச் செய்வதே தவறு. ஒரே மடையில் பாயும் வயல்காரர்கள் ஒரே வார நடவு, ஒரே வயதுள்ள ரகம் என்று முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மேட்டு வயலில் ஒரு குழாய், பள்ளத்தில் ஒரு குழாய். முறைப்பாசனத்தில் உங்கள் வாய்க்காலுக்கு எந்தெந்த நாள் தண்ணீர் என்பதை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். முறை எட்டு நாளுக்கு ஒரு தடவை வந்து, உங்கள் மண் ஐந்தே நாளில் 15 செ.மீ. இறங்குகிறது என்றால், குழாய் சொல்வதைவிட நாட்காட்டி சொல்வதுதான் பெரிது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் நீரை மிச்சம் பிடிப்பவரின் பையில் காசு மிஞ்சாது. பலன் கடைமடைக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது. அவர் செய்ததற்கு ஊர் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? தூர்வாரும் பங்கில் சலுகை, முறையில் முன்னுரிமை என ஏதாவது ஒன்றைச் சங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் இது இரண்டாம் பருவத்தைத் தாண்டும். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவே காயவிட முயல வேண்டாம். குறுவையிலும், மழை ஓய்ந்த பிறகான தை மாதத்திலும்தான் இதற்கு வேலை.

கேள்வி (ஆசிரியை, மன்னார்குடி): பசுமைப்படை மாணவர்கள் மரக்கன்று நட்டு, சுவரில் வாசகம் எழுதி அலுத்துவிட்டார்கள். வேறு என்ன செய்யலாம்?

மழையை அளக்கச் சொல்லுங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் சரளையும் நீரும் இட்டு நிரப்பி, நீர்மட்டத்தைப் பூஜ்ஜியமாகக் கோடு போட்டு, அங்கிருந்து மி.மீ. அளவுகோலை ஒட்டுங்கள். மரம், கூரை, சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். வானிலைத் துறை அளக்கும் நேரமான காலை 8.30-க்கே அளந்தால் உங்கள் கணக்கை அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம். ஒரு நாளில் 64.5 மி.மீ.யைத் தொட்டால் அது கனமழை; 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை. தொலைக்காட்சியில் கேட்கும் சொல்லுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கனமழை பெய்யும் நாளில்தான் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். பள்ளிக்கு அருகில் வீடுள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் ஒரு மானியை வைத்துக்கொள்ளட்டும். மூன்று நாள் விடுபட்டுப்போனால் அளவை மூன்றால் வகுத்து எழுதக் கூடாது. "மூன்று நாள் மொத்தம்" என்றே எழுத வேண்டும். இல்லாத எண்ணை உண்டாக்காமல் இருக்கப் பழகுவதும் அறிவியல் பாடம்தான்.

அதோடு மாதம் ஒரு நாள் ஊரில் ஐந்து கைபம்பு அல்லது கிணற்றின் நீரை உப்புமானியால் சோதிக்கலாம். பம்பை ஐந்து நிமிடம் அடித்துவிட்டு, பிறகு வரும் நீரை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே கருவி, அதே கிணறு. மாதக் கணக்கைக் கிராம சபையில் பிள்ளைகளே படிக்கட்டும்.

கேள்வி (விவசாயி, தலைஞாயிறு): கடைமடை நிலம், உப்பு பூக்கிறது. ஜிப்சம் போட்டேன், பலனில்லை.

மண்ணைச் சோதிக்காமல் போட்டிருந்தால் பலன் தெரியாததில் வியப்பில்லை. உவர் வேறு, களர் வேறு. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் இருந்து, கார அமிலத்தன்மை (pH) 8.5-க்குக் கீழே இருந்தால் அது உவர். அதற்கு ஜிப்சம் மருந்தல்ல; ஜிப்சமும் ஓர் உப்புதான். நல்ல நீரைத் தேக்கி, கரைந்த உப்போடு வடித்துவிட வேண்டும். கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் அது களர். அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. எவ்வளவு என்பதைச் சோதனை முடிவு சொல்லும். அதையும் தூவியதோடு விட்டுவிடாமல், நீர் தேக்கி வடிக்க வேண்டும்.

மண் எடுக்கும் முறை: எருக்குவியல், வரப்பு, மர நிழல் இவற்றை விலக்கி, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் மேல்மண்ணைச் செதுக்கிவிட்டு, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்தில் ஒரே கனத்துக்குச் சீவி எடுங்கள். கலந்து, நான்காகப் பிரித்து, எதிர்ப்பக்கம் இரண்டைத் தள்ளி, அரை கிலோ மிஞ்சும் வரை குறையுங்கள். உரச் சாக்கில் கட்டாதீர்கள். நாகப்பட்டினம் அருகே சிக்கல் என்ற ஊரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால் சோதனைக்கு வழி சொல்வார்கள்.

வடிகால் அடைபட்டிருந்தால் எந்த மருந்தும் வீண். உங்கள் வயலை மட்டும் கழுவினால் அந்த உப்பு கீழ் வயலில் போய் உட்காரும். ஆற்றைத் தூர்வாரக் காட்டும் அக்கறையில் பாதியாவது வடிவாய்க்காலுக்கும் காட்ட வேண்டும். அங்கே நாணலும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. சித்திரையில் உழுது, ஈரம் கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். அது உப்பையும் ஓரளவு தாங்கும். முன் பதிலில் சொன்ன காய்ச்சல் பாய்ச்சல் உங்கள் வயலுக்கு வேண்டாம். காயக் காய உப்பு மேலே ஏறும்.

கேள்வி (உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர், ஒரத்தநாடு): சேர்ந்து நடவு இயந்திரம் வாங்கினோம். யாருக்கு முதலில் என்பதில் மனக்கசப்பு. இப்போது இயந்திரம் பழுதாகி நிற்கிறது.

கசப்பு தொடங்கியது இயந்திரத்தில் இல்லை, நாற்றங்காலில். பாய் நாற்றங்காலின் நாற்றை 15 முதல் 18 நாளுக்குள் நட வேண்டும். நடந்து தள்ளும் நான்கு வரிசை இயந்திரம் நாளுக்கு இரண்டு மூன்று ஏக்கர் முடிக்கும். 30 ஏக்கருக்கும் ஒரே நாளில் விதை போட்டிருந்தால், கடைசி ஆளின் முறை வரும்போது நாற்றுக்கு வயது 26 ஆகிவிடும். வேர் பின்னிக்கொண்டு பாய் பிய்யாது, குத்து விட்டுப்போகும், பழி இயந்திரத்தின் மேல் விழும். முதலில் நடவு வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், அந்த வரிசைப்படி நாளுக்கு மூன்று ஏக்கர் அளவுக்கு மட்டும் விதை போடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வரிசையைத் தலைகீழாக்குங்கள். களிமண்ணில் சேறு கலக்கி இரண்டு மூன்று நாள் படிய விட்டு, ஓரிரு செ.மீ. நீரில் நடவு செய்யுங்கள். படியாத சேற்றில் நாற்று அமிழ்ந்துவிடும்.

பழுதுக்குக் காரணம் வாடகைக் கணக்கு. பெட்ரோலும் ஆள்கூலியும் மட்டும் வாங்கியிருப்பீர்கள். உதாரணமாக, இயந்திரம் 3,00,000 ரூபாய், ஆறு ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு 100 ஏக்கர் என்றால் தேய்மானம் மட்டும் ஏக்கருக்கு 500 ரூபாய். அதைத் தனிக் கணக்கில் போடாவிட்டால் பல்சக்கரம் உடையும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. இயக்குநருக்கும் அதே வாடகை, அதே வரிசை.

கேள்வி (வேளாண் மாணவர், நீடாமங்கலம்): புது முறையில் நட்ட வயலையும் பழைய வயலையும் ஒப்பிட்டு ஆய்வு செய்கிறேன். விவசாயிகள் "மாவுக்குப் பத்து மூட்டை" என்கிறார்கள். இதை எப்படி நம்புவது?

நம்பாதீர்கள், அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக இல்லை. மூட்டை எடை ஆளுக்கு ஆள் மாறும், ஈரமும் மாறும். ஒவ்வொரு வயலிலும் வரப்பிலிருந்து தள்ளி மூன்று இடத்தில் 5 மீ × 5 மீ கயிறு கட்டி அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுங்கள். நல்ல கதிர் நிற்கும் மூலையைக் கண் தேடும். அதனால் எத்தனை அடி நடந்து எங்கே கயிறு கட்டுவது என்பதை வயலில் இறங்குவதற்கு முன்பே சீட்டெடுத்து முடிவு செய்யுங்கள். ஈரமானியில் பார்த்து 14 சதவீதத்துக்கு மாற்ற வேண்டும்: 20 சத ஈரத்தில் 15 கிலோ என்றால், 15 × 80 ÷ 86 = 13.95 கிலோ. ஏக்கருக்கு 162-ஆல் பெருக்கினால் சுமார் 2,260 கிலோ. 33 சென்ட் கொண்ட ஒரு மாவுக்கு சுமார் 746 கிலோ; 60 கிலோ மூட்டையில் பன்னிரண்டரைக்குச் சற்றுக் குறைவு.

இரண்டு வயலிலும் ரகம், நட்ட நாள், உரம் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு. ஒரே வயலை வரப்புப் போட்டு இரண்டாக்கினால் இன்னும் நல்லது. மகசூலோடு மோட்டார் ஓடிய மணியையும் எழுதுங்கள். முடிவை முதலில் அந்த விவசாயிக்குக் காட்டுங்கள், பேராசிரியருக்குப் பிறகு. நிலத்துக்காரர் "அந்த மூலையில் எலி வெட்டியது" என்பார். அது எந்தக் கருவியிலும் பதியாத செய்தி.

கேள்வி (வாசகர், திருத்துறைப்பூண்டி): எங்கள் தெருவில் பாரம்பரிய நெல் விதை வங்கி தொடங்க ஆசை.

வழி உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதையே பின்பற்றுங்கள். திரும்பி வரும் விதை கலப்பில்லாமல் இருப்பதுதான் பாடு. மற்ற ரகத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நடவேண்டும். பூக்கும்போது ஒரு தடவை, அறுப்புக்கு முன் ஒரு தடவை இறங்கி வேறு உயரம், வேறு நிறக் கதிர்களை வேரோடு பிடுங்க வேண்டும். அறுவடை இயந்திரத்தில் முந்தைய வயலின் நெல் தங்கியிருக்கும்; விதைக்கான பகுதியைக் கையால் அறுத்துவிடுங்கள். ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, ரகம், கொடுத்தவர் ஊர், அறுத்த மாதம் மூன்றையும் எழுதிய சீட்டைப் பைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் போடுங்கள். வெளிச்சீட்டை எலி தின்றுவிடும்.