பார்க்காத இடத்துக்குக் கையெழுத்து

கேள்வி: எனக்கு 32 வயது. அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயில் பாதைப் பராமரிப்பில், ஒரு கான்ட்ராக்டரிடம் இரவு வேலை பார்க்கிறேன். கடைசி ரயில் போன பிறகு சுரங்கத்தில் இறங்கி விடிவதற்குள் ஏறிவிடுவோம். வேலை பழகிவிட்டது. நேரம் போதாவிட்டால் மட்டும், பார்க்காத இடத்துக்கும் சேர்த்து செக்லிஸ்ட்டில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம், மற்றபடி கஷ்டமில்லை. பிரச்சினை வீட்டில்தான். பகலில் நான் படுத்திருக்கும்போது அம்மா போன் செய்து, மாடி கட்டி முடிக்கணும், தங்கச்சி கல்யாணம் இருக்கு, இன்னும் நாலு வருஷம் இரு என்கிறார். அவர் வைத்ததும் மனைவி போன் செய்து, பிள்ளைக்கு மூணு வயசாகப் போகுது, வந்துடுங்க என்று அழுகிறாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். போனை எடுக்காவிட்டால் இரண்டு பக்கமும் சண்டை. நான் யார் பேச்சைக் கேட்பது?
(பெயர் வேண்டாம், சிங்கப்பூர்)

பதில்: தம்பி, அம்மாவா மனைவியா என்ற கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. துபாயிலிருந்து வரும், கோலாலம்பூரிலிருந்து வரும், திருப்பூரிலிருந்தும் வரும். அதற்குப் பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் அது இல்லை. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பார்க்காத இடத்துக்கும் சேர்த்து டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று. அதோடு விடாமல் "மற்றபடி கஷ்டமில்லை" என்று வேறு முடித்திருக்கிறீர்கள். மாமியார் மருமகள் சண்டைக்கு அரைப் பக்கம் எழுதியவர், இதற்கு ஒரே வரி.

என்ன தைரியம் உங்களுக்கு?

உங்கள் வேலை எனக்கு ஓரளவு தெரியும். நள்ளிரவு தாண்டிக் கடைசி ரயில் டெப்போவுக்குப் போக வேண்டும். தண்டவாளத்தை ஒட்டி ஓடுகிற மின்தடத்தில், அந்த 750 வோல்ட் போகிறதே, அதில் மின்சாரத்தை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று சோதித்துப் பார்த்து, அனுமதி வந்த பிறகுதான் ஆளை இறக்குவார்கள். காலை ஐந்தரை வாக்கில் முதல் ரயில் கிளம்ப வேண்டும், அதற்குள் ஆள், கருவி எல்லாம் எண்ணி வெளியே வந்து மறுபடி மின்சாரம் விட வேண்டும். கூட்டிக் கழித்தால் கையில் நிற்பது மூன்று, மூன்றரை மணி நேரம். அதற்குள் க்ளிப் கழன்றிருக்கிறதா, போல்ட் இளகியிருக்கிறதா, தண்டவாளத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, வடிகால் அடைத்திருக்கிறதா என்று தலைவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். உள்ளே கொண்டுபோன ஸ்பேனர் ஒன்று குறைந்தால்கூட அது கிடைக்கும் வரை யாரும் நகரக் கூடாது. ஒரு ஸ்பேனருக்கே இவ்வளவு கணக்கு வைத்திருக்கும் இடத்தில்தான், போகாத நூறு மீட்டருக்குப் போனதாக எழுதிக் கொடுத்துவிட்டு லாரி ஏறுகிறீர்கள்.

நேரம் போதவில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. முதல் ரயில் யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் நேரம் போதவில்லை என்றால் கட்டத்தில் அதை எழுதத்தான் அந்தத் தாளே இருக்கிறது. டிக் போட்டுவிட்டால் அந்த இடம் பார்த்ததாக ஆகிவிடும், நாளை ராத்திரி வேறு யாரும் அங்கே போக மாட்டார்கள். நீங்கள் விட்டது ஒரு ராத்திரி வேலை மட்டுமில்லை, அடுத்தவன் போய்ப் பார்க்கும் வாய்ப்பையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள்.

இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2017 அக்டோபர் 7, நீங்கள் இருக்கும் அதே ஊரில், பீஷான், பிராடல் நிலையங்களுக்கு நடுவில் சுரங்கத்துக்குள் வெள்ளம் வந்தது. 1987 நவம்பரில் சிங்கப்பூரின் முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடிய பகுதி அது. அன்று நல்ல மழைதான், ஆனால் மழைக்காகத்தானே அங்கே நீர்த்தொட்டியும் பம்புகளும் வைத்திருந்தார்கள்! தண்ணீர் ஏறினால் தானாக ஓட வேண்டிய பம்பு ஓடவில்லை. தொட்டி நிரம்பித் தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது, மறுநாள் பிற்பகல் வரை அந்தப் பகுதியில் ரயில் இல்லை. அப்புறம் தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். 2016 டிசம்பர், 2017 மார்ச், 2017 ஜூன், மூன்று தடவையும் பம்பைப் பராமரித்ததாகக் கையெழுத்து இருந்தது. வேலை நடக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களும் எல்லாரும் செய்வதுதான் என்றுதான் நினைத்திருப்பார்கள். அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்லும் அளவுக்கு அது போனது, ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அன்று யாரும் சாகவில்லை, அது அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வராது. அதற்கு முந்தைய வருடம், 2016 மார்ச் 22 அன்று, பாசிர் ரிஸ் எம்.ஆர்.டி. நிலையத்தின் பக்கத்தில் பதினைந்து பேர் கொண்ட குழு ஒரு கோளாறைப் பார்க்கத் தண்டவாளத்தில் இறங்கியது. இறங்குவதற்கு முன் அந்தப் பகுதிக்குள் ரயில் வராதபடி தடுத்து வைக்க வேண்டும், காவலுக்கு ஆள் நிற்க வேண்டும், அதுதான் விதி. அன்று அது நடக்கவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு இளைஞர்கள் ரயில் மோதி இறந்துபோனார்கள். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர்கள் வீட்டிலும் அம்மா இருந்திருப்பார். நீங்கள் யார் பேச்சைக் கேட்பது என்று என்னிடம் கேட்கிறீர்களே, அந்த அம்மாக்கள் இனி யாரிடம் என்ன கேட்பார்கள்?

ஐந்தரை மணி ரயிலில் யார் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆபீஸ் கூட்டம் அப்புறம்தான் வரும். அந்த நேரத்தில் போவது துப்புரவு வேலைக்குப் போகிற பாட்டிமார், சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறவர், இரவுப் பணி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் நர்ஸ். உங்களைப் போலவே மாதச் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவர்கள். தண்டவாளத்தை யாரோ ராத்திரி பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் ஏறி உட்காருகிறார்கள். அந்த யாரோ நீங்கள்தான்.

சரி, ஏன் நேரம் போதவில்லை? இங்கேதான் உங்கள் வீட்டுப் பிரச்சினையும் வருகிறது. உங்களுக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஐந்து மணிக்கு மேலே ஏறி, லாரி பிடித்து, டார்மிட்டரியில் குளித்துச் சாப்பிட்டுப் படுக்க ஏழரை, எட்டு ஆகும். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற அறையில் ஒருவன் சமைப்பான், ஒருவன் போன் பேசுவான், தூக்கம் பிடிக்கவே ஒன்பது. அறந்தாங்கியில் காலை வேலையை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு அம்மா போன் எடுத்தால் உங்களுக்குப் பதினொன்றரை. அம்மா அரை மணி, மனைவி முக்கால் மணி, அப்புறம் அழுகையை நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தால் மதியம் இரண்டு. இப்படித் தூங்காத கண்ணோடு சுரங்கத்தில் இறங்குகிறவருக்கு மூன்று மணிக்கு மேல் கால் எப்படி நடக்கும்? பார்க்காத இடத்துக்கு டிக் போட வைத்தது நேரம் மட்டுமில்லை தம்பி, தூக்கமும்தான். அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது உங்கள் வீடு, கெடுக்க விட்டது நீங்கள்.

உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் நான் பரிந்து பேசப் போவதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டியதை, கடல் தாண்டித் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஆளின் காதில் மாறி மாறி ஊற்றுகிறார்கள். ராத்திரி முழுக்க உழைத்தவனை எழுப்பக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். "வேலை கஷ்டமில்லை" என்று எனக்கு எழுதியதைத்தான் அவர்களிடமும் சொல்லியிருப்பீர்கள். சுரங்கத்தில் என்ன செய்கிறீர்கள், பக்கத்தில் என்ன மின்சாரம் ஓடுகிறது, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று மனைவிக்காவது தெரியுமா? ரயிலில் வேலை என்று மட்டும் தெரிந்திருக்கும். குடும்பத்துக்குக் கஷ்டம் தெரியக் கூடாது என்று மறைப்பதைப் பாசம் என்று நம் ஆண்கள் நினைக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சம்பாதிக்கிறவன் எப்படிச் சம்பாதிக்கிறான் என்று வீட்டுக்குத் தெரிந்தால்தான் அந்தக் காசை மாடியில் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள்.

ஆகவே இன்றே போனை அணைத்துவிட்டுப் படுங்கள். நாலு மணி வரை யார் கூப்பிட்டாலும் கிடையாது, அவசரம் என்றால் பக்கத்து அறைக்காரர் எண் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். ஊரில் மாலை ஐந்து ஆகும்போது உங்களுக்கு ஏழரை, வேலைக்குக் கிளம்பும் முன் அப்போது பேசுங்கள், அம்மாவையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே போனில். தனித்தனியாகக் கேட்பதை நிறுத்துங்கள்.

சுரங்கத்தில் பார்க்காத இடத்துக்கு "பார்க்கவில்லை, நேரமில்லை" என்று எழுதுங்கள். சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். வேலை போனால் பெர்மிட்டும் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் தனி ஆளாக வீரம் காட்டச் சொல்லவில்லை. கூட இருக்கும் நம் ஆட்களிடம் பேசி, நாலைந்து பேர் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒருவன் எழுதினால் அவன் மேல் கோபம் வரும், ஐந்து பேர் எழுதினால் நேரத்தை மாற்றி அமைப்பார்கள். அப்படியும் பொய்யாக எழுதச் சொல்லி மிரட்டினால் மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம், பாதுகாப்பு பற்றி அதிகாரிகளிடம் சொன்ன தொழிலாளியை அதற்காக வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், நாளைக்கு ஏதாவது நடந்தால் தாளில் இருப்பது உங்கள் பெயர். நேரமில்லை, போடு என்று சொன்னவரின் குரல் தாளில் பதிவாகாது.

இப்போது உங்கள் கேள்வி. மனைவி பேச்சைக் கேளுங்கள். அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தங்கைக்குக் கல்யாணம் செய்து வைப்பது அண்ணன் கடமை என்று நம்பும் ஆள்தான் நான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாடி கடமை இல்லை. கீழே வீடு இருக்கிறது, மூன்று பெண்களும் ஒரு குழந்தையும் அதில்தான் இருக்கிறார்கள். மேலே ஒரு தளம் யாருக்கு? கூப்பிடு தூரத்தில் இல்லாத மகனுக்கா? மாடி வேலையை இந்த மாதமே நிறுத்தச் சொல்லுங்கள். கம்பி நீட்டிக்கொண்டு நின்றால் நிற்கட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நாலு வருஷம் என்பது அம்மா வாயில் வந்த கணக்கு, அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது, மாடிக்குப் போவதை இதற்குத் திருப்பினால் எத்தனை மாதத்தில் சேரும் என்று மனைவியையே எழுதச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும். தங்கையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், இவ்வளவு பெரிய கடிதத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வேண்டுமா, படிக்கிறாளா, வேலைக்குப் போகிறாளா என்று ஒரு சொல் இல்லை. சென்னையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் புது மெட்ரோ பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். சம்பளம் சிங்கப்பூர் அளவு இருக்காது, ஆனால் சனிக்கிழமை பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலை அறந்தாங்கியில் இருப்பீர்கள். அங்கே என்ன வேலை, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று இப்போதிருந்தே விசாரியுங்கள், உங்கள் பயிற்சிச் சான்றிதழ்களை ஒரு பிரதி எடுத்து மனைவிக்கு அனுப்பி வையுங்கள்.