அம்மாவோடு சைக்கிள் என்றால் பாத் கால்வாய்ப் பாதைதான்

லண்டனிலிருந்து ஒரே நாள் சைக்கிள் பயணம், கார் கிடையாது, அறுபதைத் தாண்டிய அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் ஆனால் மேடும் லாரியும் ஆகாது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் குறித்து வைத்திருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியின் கிராமச் சாலைகளை விட்டுவிடுங்கள். படத்தில் அழகுதான், ஆனால் ஏற்ற இறக்கம் ஓயாது, இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, வளைவுக்கு அந்தப் பக்கம் எது வருகிறதென்றே தெரியாது.

லண்டனின் பேடிங்டன் நிலையத்தில் ரயிலேறினால், மேற்கே இருக்கும் பாத் நகரம் சுமார் ஒன்றரை மணி நேரம். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். லண்டன் ரயிலில் அதற்கு முன்பதிவு, இடத் தட்டுப்பாடு என்று ஆயிரம் தலைவலி. அப்புறம் கென்னட்-ஏவன் கால்வாய்க் கரையைப் பிடித்தால் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற சிற்றூர் வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், ஏனென்றால் முன்பு படகை இழுத்த குதிரைகள் நடந்த தடம்தான் இது, கால்வாயோடு ஒரே மட்டத்தில் போகும். வழியில் டன்டாஸ் என்ற இடத்தில் கால்வாயே ஒரு கற்பாலத்தில் ஏறி ஏவன் ஆற்றைக் கடக்கிறது, 1805இல் முடிந்த வேலை. கீழே ஆறு ஓட, மேலே படகு போகும். அங்கே அவசரப்படாமல் உட்காருங்கள்.

தடம் சில இடங்களில் குறுகல், நடப்பவர்களுக்கே முன்னுரிமை, மணியடித்து மெதுவாகப் போங்கள். மழைக்கு மறுநாள் சேறு இருக்கும். அம்மா களைத்துவிட்டால் பிராட்ஃபோர்டிலிருந்து பாத்துக்கு ரயில் இருக்கிறது, கால் மணி நேரம்தான், மாலை நெரிசலுக்கு முன் ஏறிவிடுங்கள். டிசம்பரில் போவதாக இருந்தால் நாலு மணிக்கே இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.