இடிந்த சுவரும் புல்லும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? நான் காஞ்சிபுரத்தில் வங்கி ஊழியன். அரையாண்டு விடுமுறையில் அப்பா, மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் என்று எல்லோருமாக மைசூர் போகிறோம். மூன்று நாள் பேக்கேஜ். அதில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்குத் திப்பு சுல்தான் பாடம் படித்ததிலிருந்து "சண்டை நடந்த எடத்தப் பாக்கணும்" என்று ஒரே பிடிவாதம். போய்வந்த அலுவலக நண்பர் ஒருவரோ, "அங்க ஒண்ணுமே இல்ல சார், இடிஞ்ச செவுரும் புல்லும்தான்" என்கிறார். அப்பாவுக்கு ரங்கநாதரைச் சேவித்தால் போதும். திப்பு பேரை எடுத்தாலே அவருக்கும் என் மைத்துனருக்கும் சண்டை வந்துவிடுகிறது.

ஒன்றரை மணி நேரம் போதுமா? எதை முதலில் பார்ப்பது? நண்பர் சொல்வதுபோல் ஏமாற்றமாக இருக்குமா? முதல் தடவை போகிறோம், அதனால் கேட்கிறேன்.

சு.
காஞ்சிபுரம்

*

அன்புள்ள சு,

ஒன்றரை மணி நேரம் போதாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அந்தப் பேக்கேஜிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, அதற்கென்று ஒரு முழுநாள் வையுங்கள். மைசூரிலிருந்து ரயிலேறினால் அரைமணிக்குள் இறங்கிவிடலாம். அங்கே ஓர் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள்.

நானும் முதல்முறை ஒரு சுற்றுலா வேனில்தான் போனேன். ஹைதர் அலியும் திப்புவும் அடக்கமான கும்பஸ் வாசலில் இறக்கிவிட்ட ஓட்டுநர், "நாப்பது நிமிஷம், அதுக்குமேல வண்டி நிக்காது" என்றார். அதில் பாதி, செருப்பு விடும் இடத்து வரிசையில் போயிற்று. கோட்டைக்கு எப்போது போவோம் என்று கேட்டதற்கு, "போற வழியில ஜன்னல்லயே தெரியும் சார்" என்றார். தெரிந்தது. ஒரு சுவர், அதன்மேல் நான்கு ஆடுகள். அதற்குப் பிறகு பல வருஷங்கள் நானும் உங்கள் நண்பர் சொல்வதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்துக்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மைசூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மகளை வண்டியில் உட்காரவைத்துப் புள்ளலூருக்குக் கூட்டிப்போங்கள். பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு சொல்லும் அதே ஊர்தான். 1780 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஹைதர் அலியும் மகன் திப்புவும் அங்கே மடக்கினார்கள். பெய்லி குண்டூரிலிருந்து காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தார், வழியில் வந்து சேர்ந்த துணைப்படையோடு அவரிடம் சுமார் 3,800 பேர். அவருக்காகக் காஞ்சியில் பெரும்படையோடு காத்திருந்தவர் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ. (சென்னை தீவுத்திடலில் குதிரைமேல் இருப்பவர் தாமஸ் மன்றோ, அவர் வேறு.) பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, படை அழிந்தது. அத்தனை பக்கத்தில் இருந்தும் மன்றோ போய்ச் சேரவில்லை. மறுநாள் தன்னுடைய பெரிய பீரங்கிகளைக் காஞ்சியின் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். புள்ளலூரில் இன்று இருப்பவை வயல், ஏரி, இரண்டு நினைவுத் தூண்கள். அந்தத் தூண்கள்கூட அடுத்த வருஷம், 1781ல், அதே இடத்தில் நடந்த இரண்டாம் சண்டையில் செத்த ஆங்கில அதிகாரிகளுக்காக வைத்தவை.

இதைப் பார்த்துவிட்டுப் போனால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முன்னால் உங்கள் மகள் நின்றுவிடுவாள். தேக்குமரத்தில் 1784ல் திப்பு கட்டிய கோடை மாளிகை அது. சுவர் முழுக்கப் புள்ளலூர்ச் சண்டை! பிற்காலத்தில் திருத்தி வரைந்திருக்கிறார்கள் என்றாலும் உயிர் போகவில்லை. சிவப்புக் கோட்டு போட்ட ஆங்கிலப் படை வீரர்கள் சதுரமாக நெருங்கி நிற்க, நடுவே பல்லக்கில் காயம்பட்ட பெய்லி விரலை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரில் மூக்கின்மேல் வைக்கும் விரல், அங்கே வாய்க்குப் போயிருக்கிறது. பக்கத்தில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. திப்பு பக்கம் நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியில் பார்க்கிறார். இரண்டு பக்கமிருந்தும் குதிரைகள் பாய்கின்றன, தலைகள் உருள்கின்றன. இதற்கெல்லாம் நடுவில் திப்பு ஒரு ரோஜாவை முகர்ந்துகொண்டிருக்கிறார். உங்கள் ஊர் வயலில் நடந்ததைத்தான் அங்கே சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜன்னல் திரைகளால் உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அரைமணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

அன்று பிடிபட்டவர்களில் பெய்லி 1782ல் சிறையிலேயே இறந்தார். இன்னொருவர் டேவிட் பெயர்ட் என்ற இளம் அதிகாரி. மூன்று வருஷம் எட்டு மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடந்தார். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஸ்காட்லாந்துக்குப் போனபோது, "எங்க டேவியோட கட்டினவன் பாடுதான் பாவம்" என்று அவர் அம்மா சொன்னதாக ஒரு கதை உண்டு. இந்த பெயர்ட்தான், ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்து திப்பு செத்த 1799 மே 4 அன்று, கோட்டைக்குள் முதலில் பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கினார், தானே கேட்டு வாங்கிக்கொண்டு.

இனி கோட்டை. மதியம் ஒரு மணிக்கு அதன் வடமேற்கு மூலையில் இருங்கள். வெயில்தான், டிசம்பர் என்பதால் தாங்கும். அங்கே ஆற்றைப் பார்த்தபடி ஒரு கூர்ந்தூண் நிற்கிறது, முற்றுகையில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்காக மைசூர் அரசு 1907ல் வைத்தது. சுவரைப் பீரங்கியால் பிளந்தது அந்த இடத்தில்தான். தூணைப் பார்த்ததும் அதற்கு முதுகைக் காட்டி நின்று காவிரியைப் பாருங்கள். மழைவெள்ளம் வடிந்து பாறைகள் தலைகாட்டும் பருவம். அந்தப் பாறைகள் மேலும் நடுவிலும்தான் அன்று நான்காயிரத்துக்கும் அதிகமான ஆங்கிலப் படையினர் பட்டப்பகலில் இறங்கி வந்தார்கள். சில இடங்களில் கணுக்கால் தண்ணீர், சில இடங்களில் இடுப்பளவு. கோட்டைக்குள் எல்லோரும் சாப்பிட்டு ஓயும் நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். சில நிமிடங்களில் பிளவின் மேல் கொடி ஏறிவிட்டது.

எந்த கைடைக் கேட்டாலும் முதலில் திப்புவின் மந்திரி மீர் சாதிக்கின் துரோகத்தைச் சொல்வார். சம்பளம் தருகிறேன் என்று காவல்காரர்களை அங்கிருந்து நகர்த்தினான், கோட்டை போயிற்று என்பார். மீர் சாதிக் அன்றே மைசூர் வீரர்கள் கையாலேயே செத்தார் என்பது உண்மை. ஆனால் துரோகக் கதை காதில் விழுந்த பிறகு யாரும் ஆற்றைப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த ஆறுதான் முக்கியம். ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி நடுவில் ஒரு தீவு. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் வெள்ளத்தில் யாரும் கால் வைக்க முடியாது. வெளியே முற்றுகையிட்ட ஆங்கிலத் தளபதி ஹாரிஸின் படைக்கு அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. அதாவது திப்பு இன்னும் சில வாரங்கள் தாக்குப்பிடித்திருந்தால் போதும், மழை வந்து காப்பாற்றியிருக்கும். இரண்டு பக்கமும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். திப்புவை அடக்கம் செய்த மே 5 சாயங்காலமே பெரும் இடிமழை கொட்டியது. இந்தக் கணக்கு உங்கள் மகளுக்கு நன்றாகப் புரியும். தேர்வுக்கு முன்னால் லீவு விடுவார்களா என்று மழையைப் பார்த்துக் காத்திருந்தவள்தானே!

அங்கிருந்து வடக்குச் சுவரை ஒட்டிக் கிழக்கே போங்கள். நீர்வாசல் என்ற குறுகிய வளைவு வரும். திப்புவின் உடல் கிடைத்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது, அவ்வளவுதான். அன்று ராத்திரி பிணக்குவியலைப் பந்த வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். உடம்பில் சூடு இருந்ததால் உயிர் இருக்கிறதோ என்று ஆர்தர் வெல்லெஸ்லி நாடி பிடித்துப் பார்த்தார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லெஸ்லி. பக்கத்திலேயே பெய்லி பெயரில் ஒரு நிலவறை, வெள்ளையடித்தது. அதன் நடுவில் ஒரு பீரங்கி கிடக்கும். முற்றுகையின்போது மேல்தளத்தை உடைத்துக்கொண்டு விழுந்ததாகச் சொல்கிறார்கள். கைதிகளைக் கட்டிய துளையிட்ட கல் பலகைகள் சுவரோரம் நிற்கின்றன. மகள் கையை நுழைத்துப் பார்ப்பாள், தடுக்காதீர்கள்.

திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017ல் இரட்டை ரயில்பாதைக்காகத் தரையோடு பெயர்த்து, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். நேரம் இருந்தால் பாருங்கள். சங்கமம், நிமிஷாம்பா கோயில் எல்லாம் உங்கள் விருப்பம்.

அப்பாவுக்கு: மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலையில் முதலில் ரங்கநாதர். காவிரிக்கரை ரங்கநாதர் தலங்களில் முதலாவதான ஆதிரங்கம் அதுதான், நம் ஸ்ரீரங்கம் கடைசியான அந்த்யரங்கம். கோயிலுக்கு எதிரிலேயே திப்புவின் அரண்மனை நின்ற இடமும் இருக்கிறது. வாக்குவாதத்தை நிறுத்த என்னிடம் மருந்து இல்லை. திப்பு சிருங்கேரி மடத்துக்கு உதவியதும் ரங்கநாதருக்கு வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்ததும் உண்மை. மேல்கோட்டையில் தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார்கள், தங்கள் முன்னோரைத் திப்பு கொன்றார் என்ற நினைவில் நரக சதுர்த்தசி கொண்டாடுவதில்லை என்பதும் உண்மை. குடகிலும் மலபாரிலும் அவர் பெயர் வேறு மாதிரிதான் ஒலிக்கும். அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டால் மைத்துனர் மற்றதை எடுப்பார், மகள் இரண்டையும் கேட்டுக்கொள்ளட்டும்.

கும்பஸைக் கடைசியாக வையுங்கள், நாலரை மணிக்கு மேல். நடுவில் ஹைதரும் இருபுறமும் அவர் மனைவியும் திப்புவும் கிடக்கும் அறையின் சுவர் முழுக்கப் புலிவரி. வெளியே அதே வளாகத்தில் பெய்லிக்கும் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது, அவருடைய உறவினர் 1816ல் எழுப்பியது. பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே வண்டி ஏறிவிடுகிறார்கள்.

கொசுக் களிம்பு மறக்க வேண்டாம். கோட்டையைப் பிடித்த ஆங்கிலப் படையே பத்து வருஷம் காய்ச்சலில் கிடந்து, கடைசியில் 1809ல் பெங்களூருக்கு இடம் மாறியது. பெங்களூர் கண்டோன்மென்ட் என்ற ராணுவப் பகுதி வந்தது அப்படித்தான். கூடவே அங்கே அல்சூரில் நம் தமிழ் ஆட்களும்.