சேர்ந்த பிள்ளை படிப்பை முடிக்க

கேள்வி: தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறோம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த எங்கள் மகள், கோட்டயத்தில் விடுதியில் தங்கி பி.காம். படிக்கிறாள். முதல் செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தோற்றுவிட்டாள், உதவித்தொகையும் வரவில்லை. டி.சி. வாங்கிவிடலாம் என்கிறாள். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று விட்டுவிடலாமா?
– வாசகர், மூணாறு

பதில்: விட்டுவிடாதீர்கள், டி.சி.யை இப்போது வாங்கவே வேண்டாம். முதல் செமஸ்டர் தோல்வியை வைத்து ஒரு பெண்ணின் அறிவை எடைபோடுவது பெரிய அநியாயம். மாணவர்கள் இடைநிற்பதற்குத் திறமைக்குறைவு மட்டுமே காரணமல்ல, கல்லூரியின் படிப்போடும் மனிதர்களோடும் ஒட்டுதல் ஏற்படாமல் போவதும் காரணம் என்று அமெரிக்கக் கல்வியியலாளர் வின்சென்ட் டின்டோ 1975-லேயே விளக்கினார். ஆங்கிலத்தில் பாடமும் மலையாளத்தில் விளக்கமுமாக நடக்கும் வகுப்பில், இரண்டையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே குறிப்பெடுக்கும் பிள்ளைக்கு அந்த ஒட்டுதல் ஏற்படச் சற்றுக் காலம் பிடிக்கும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஈராண்டுக் கல்லூரிகளில், ஏழை மாணவர்களுக்குத் தனி ஆலோசகர், கூடுதல் பயிற்சி, புத்தகச் செலவு, பயண அட்டை எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தவர்கள், உதவி பெறாதவர்களில் 22 சதவீதம். பெற்றவர்களில் 40 சதவீதம். நம் அரசுகளோ சேர்க்கையை எண்ணுவதோடு நிறைவடைந்துவிடுகின்றன. 2021-22-இல் கேரளத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 41.3 சதவீதம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் ஊர் திரும்பினார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

ஒருநாள் லீவு போட்டு, மகளுடன் நேரில் சென்று வகுப்புப் பொறுப்பாசிரியரைப் பாருங்கள். தோற்ற பாடங்களை மறுபடி எழுதும் தேதியையும், தனிப்பயிற்சி உண்டா என்பதையும் கேளுங்கள். உங்கள் பகுதியிலிருந்து சென்ற மூத்த மாணவி ஒருத்தி அங்கே இருந்தால் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். இது சிறிய காரியமல்ல.

கல்லூரி மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம் அங்குள்ள பள்ளிகளில் படித்தவர்களுக்கே உரியது. அதை நம்பியிருக்க வேண்டாம். கேரள அரசின் கல்வி உதவித்தொகைக்கான இணையதளமான இ-கிராண்ட்ஸில் கொடுத்த விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் பட்டியல் சாதியினராக இருந்து சாதிச் சான்றிதழில் சிக்கல் என்றால், 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா, பாட்டி பெயருள்ள பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) பதிவின் நகலை எஸ்டேட் ஆபீசில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, தாலுகா அலுவலகத்தில் கொடுங்கள். அந்த மனுவின் ரசீதைக் கல்லூரியில் காட்டி, கட்டணத்துக்கு அவகாசம் கேளுங்கள்.