பதில்: மாமனாருக்கு நெஞ்சுக்குள் கொழுப்புக் கட்டி, ஊசி வைத்துப் பார்க்கணுமா?

வணக்கம்ங்க. பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னாடி கோபியில எடுத்த எக்ஸ்ரேயில இதயத்துக்கு வலப்பக்கம் நிழல், அப்புறம் ஈரோட்டு சிடி ஸ்கேன்ல 6 செ.மீ. கொழுப்புக் கட்டி, அளவு -98 எச்.யூ. (ஸ்கேன்ல திசுவோட அடர்த்தியைக் காட்டற ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்) அப்படின்னு எழுதியிருக்கீங்க. அந்த -98 நல்ல சேதிங்க. தண்ணி 0, தசை 40-60. உடம்புத் திசுவுல -50லிருந்து ஏறத்தாழ -150 வரைக்கும் வர்றது கொழுப்புதான்; காத்து இருக்கற நுரையீரல் அதுக்கும் ரொம்பக் கீழ போயிரும். கட்டி முழுக்க ஒரே சீரா இப்படி இருந்தா பெரும்பாலும் லைப்போமா, அதாவது புத்துநோய் இல்லாத கொழுப்புக் கட்டிதான். எக்ஸ்ரேயில இது தெரியாது, அங்க எல்லாமே வெள்ளை நிழல்தான்.

ஊசிக்கு அவசரப்படாதீங்க. ஊசி எடுக்கறது துளி சதை. பக்கத்துலயே லைப்போசார்கோமா (கொழுப்புல வர்ற புத்துநோய்) இருந்தாலும் ஊசியில சிக்காமத் தப்பிடும். அதைவிட சிடியை நல்லாப் படிக்கறதுதான் முக்கியம். ரேடியாலஜிஸ்ட்கிட்ட இதைக் கேளுங்க: கட்டிக்குள்ள 2 மி.மீ.க்கு மேல தடிச்ச தடுப்புச் சுவர், சதை முடிச்சு, மருந்து ஏத்தினப்ப பளிச்சுனு தெரியற இடம் இருக்குதுங்களா? இருந்தா எம்ஆர்ஐ, அறுவை டாக்டர் ரெண்டும் வேணும்.

இன்னொண்ணு, இதயத்துக்கு வலப்பக்கம் கீழ் மூலையில, உதரவிதானத்துல (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற தசை) இருக்கற ஓட்டை வழியா வயித்துக் கொழுப்பு மேல ஏறி, கட்டி மாதிரியே தெரியும். மார்கான்யி குடலிறக்கம்னு பேரு. பக்கவாட்டு வெட்டுப் படத்துல கீழிருந்து ரத்தக்குழாய் ஏறுதான்னு பார்த்தா தெரிஞ்சிரும். இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்க, பித்தப்பை டாக்டருக்கும் இது தெரியணும்.

இருமல், மூச்சுத்திணறல் இல்லைன்னா 6-12 மாசத்துல மறுபடி ஸ்கேன் போதும்னு பெரும்பாலும் சொல்லுவாங்க. வளர்ந்தாலோ அழுத்தினாலோ எடுத்தரலாம். ரிப்போர்ட் மட்டும் பத்தாதுங்க, ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க்கையும் பத்திரமா வெச்சுக்கங்க. ஒப்பிட அதுதான் வேணும்.